சாதுச் சிலந்தி என்றொரு சரக்கு

முதன்முதலாக டரன்டுலா வளர்க்க ஆசைப்படுகிறவர் எந்தச் சிலந்தியை வாங்கலாம்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்புக் கையேடுகளும் செல்லப்பிராணிக் கடைகளும் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன. மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் சிலந்தி. அது கிடைக்காவிட்டால் சிலி நாட்டு ரோஜாநிறச் சிலந்தி. அதுவும் இல்லையென்றால் மத்திய அமெரிக்காவின் சுருள்மயிர்ச் சிலந்தி. காரணங்களும் மாறுவதில்லை: சாது, மெதுவாக நகரும், லேசில் சாகாது, வருஷக்கணக்கில் வாழும். இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இந்த வரிசை எப்படி உண்டானது, முதலில் இருந்தது ஏன் கிடைக்காமல் போனது, அந்த இடத்துக்கு அடுத்தது எங்கிருந்து வந்தது என்பதைக் கையேடு சொல்வதில்லை. 'தொடக்கக்காரருக்கு ஏற்றது' என்பதை சிலந்தியின் உடம்போடு பிறந்த ஒரு குணம்போல எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. ஒரு சரக்கின் வரலாற்றை அதன் இயல்பாக மாற்றிக் காட்டும் இந்த வித்தையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா, சிலந்திக்கு வந்துவிட்டாயே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காடு, காலனியம், பெயரிடும் அதிகாரம், எல்லை தாண்டும் வணிகம் என்று நாம் தனித்தனிக் கட்டுரைகளில் பேசும் அத்தனையும் இங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். டரன்டுலா என்ற சொல் தென் இத்தாலியின் தரந்தோ நகரத்திலிருந்து வந்தது. அங்கே அந்தப் பெயரைச் சுமந்தது இன்று நாம் டரன்டுலா என்று சொல்கிற பெரிய மயிர்ச்சிலந்தி அல்ல. ஓநாய்ச் சிலந்தி என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அது கடித்ததாகச் சொல்லப்பட்ட ஏழை விவசாயப் பெண்கள் நாட்கணக்கில் ஆடினார்கள். ஆட்டத்துக்கென்றே வாத்தியக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1959இல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ ஒரு குழுவோடு சலெந்தோ பகுதிக்குப் போய் இதை ஆராய்ந்து 1961இல் புத்தகமாக்கினார். இது விஷத்தின் கதையல்ல, ஒடுக்கப்பட்ட வாழ்வின் நெருக்கடி ஒரு சடங்கில் வெளிப்படும் கதை என்பது அவர் வாதம். நம்மூர்ச் சாமியாட்டத்தையும் பேயோட்டத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஆள். இங்கே நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டங்களில் பெரிய மயிர்ச்சிலந்திகளைப் பார்த்தபோது கையில் தயாராக இருந்த இந்தப் பயத்தின் பெயரை அவற்றின் தலையில் கட்டினார்கள். பிறகு பெயர் அவற்றுக்கே நிலைத்துவிட்டது. பழைய சொந்தக்காரியான ஓநாய்ச் சிலந்தியை இப்போது அதிகம்பேர் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அந்த ஓநாய்ச் சிலந்தியைக்கூட ஒருவர் வளர்த்திருக்கிறார். 1812இல் ஸ்பெயினை ஆக்கிரமித்த நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த லியோன் துஃபூர், வலென்சியாவில் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடி ஜாடியில் வைத்தார். கொஞ்ச நாளில் அது அவர் விரலிலிருந்தே ஈயை வாங்கித் தின்னப் பழகியதாம்.

பெரிய மயிர்ச்சிலந்தி ஐரோப்பியரின் கண்ணுக்கு வந்ததில் ஒரு பெண்ணின் பங்கு பெரியது. மரியா சிபில்லா மேரியன் 1699இல் டச்சுக்காரர்களின் கரும்புக் காலனியான சுரினாமுக்குத் தன் மகளோடு கப்பலேறினார். 1701இல் திரும்பி, 1705இல் சுரினாம் பூச்சிகள் பற்றிய தன் ஓவிய நூலை வெளியிட்டார். அதில் ஒரு கொய்யாக் கிளை. அதன்மேல் ஒரு சிலந்தி சின்னஞ்சிறு பறவை ஒன்றைக் கூட்டிலிருந்து இழுத்துப்போட்டுத் தின்கிறது. அந்தப் படத்தின் நினைவாகத்தான் லின்னேயஸ் 1758இல் அதற்குப் பறவையோடு தொடர்புடைய பெயர் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆண் அறிஞர்கள் சிலர் இதெல்லாம் கட்டுக்கதை என்று எழுதினார்கள். அமேசானில் பதினொரு ஆண்டுகள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், சிலந்தி சிறு பறவையைக் கொல்வதைத் தன் கண்ணால் பார்த்ததாக 1863இல் வெளியான புத்தகத்தில் பதிவுசெய்த பிறகுதான் மேரியனின் வார்த்தைக்கு மதிப்பு வந்தது.

பேட்ஸின் அதே புத்தகத்தில் இன்னொரு சித்திரம் இருக்கிறது. அவருக்காகப் பூச்சிகள் சேகரித்துக் கொடுத்த ஒரு பூர்வகுடிக் குடும்பத்தின் பிள்ளைகள், இப்படிப்பட்ட ஒரு சிலந்தியின் இடுப்பில் கயிறு கட்டி, நாயை நடத்துவதுபோல வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தார்களாம். எனக்குத் தெரிந்தவரை மயிர்ச்சிலந்தியைச் செல்லமாக வைத்திருந்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஆரம்பகாலக் குறிப்புகளில் இது ஒன்று. கையேடுகள் இந்தப் பிள்ளைகளை நினைவுகூர்ந்து நான் பார்த்ததில்லை. பேட்ஸ் தன் முதல் சிலந்தியைக் கவனமில்லாமல் கையாண்டு, அதன் மயிர் குத்தி மூன்று நாள் அரிப்பில் துடித்தார் என்பதும் அதே பக்கங்களில் வருகிறது. அமெரிக்கக் கண்டத்து மயிர்ச்சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின்மேல் கொக்கி மயிர்கள் உண்டு; பின்னங்காலால் தேய்த்து எதிரியின் முகத்தை நோக்கி உதறிவிடும். கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. எங்கே கயிறு கட்டினால் சிலந்தி உதறாமல் நடக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, இயற்கையியலாளருக்குத் தெரியவில்லை. சேகரித்துக் கொடுப்பவர்களின் அறிவு இப்படி ஒரு சுவையான துணுக்காக மட்டும் புத்தகத்துக்குள் வரும். சேகரித்த பொருள் மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போகும்.

பயத்தின் பெயர் தாங்கிய ஒரு பிராணி வீட்டுக்குள் வர வேண்டுமானால் முதலில் அந்தப் பயம் கரைய வேண்டும். அந்த வேலையில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் பேர்க். 1920களில் தொடங்கி, தன்னையே சிலந்திகளிடம் கடிபட வைத்துச் சோதித்தார். தன் ஊர்ச் சிலந்தியின் கடி குளவிக் கொட்டைவிடப் பெரிய விஷயமில்லை என்று நிறுவினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பெண்சிலந்திகள் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தன. 1958இல் டரன்டுலா பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ஹாலிவுட், அணுசக்தி யுகத்தின் பீதியை எல்லாம் ஏற்றி, வீட்டைவிடப் பெரிய ஒரு டரன்டுலாவைப் பாலைவனத்தில் ஓடவிட்டிருந்தது. விஞ்ஞானம் ஒருபக்கம் பயத்தைக் கரைக்க, சினிமா மறுபக்கம் அதை ஊதிப் பெருக்கியது. இரண்டும் சேர்ந்து செய்த வேலை ஒன்றுதான்: பார்க்கப் பயங்கரம், தொட ஆபத்தில்லை என்ற ஒரு புதிய பண்டம் சந்தைக்குத் தயாரானது. 1981இல் வந்த முதல் இந்தியானா ஜோன்ஸ் படத்தில் ஆல்ஃப்ரெட் மோலினா என்ற நடிகரின் முதுகில் டரன்டுலாக்களை விட்டார்கள். அவை ஊர்வதாக இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டன. எல்லாம் ஆண்சிலந்திகள். பெண்சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அசைந்தன என்று அந்த நடிகரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அந்தப் பண்டம் மெக்சிகோவின் பசிபிக் கரையோரக் காடுகளிலிருந்து வந்தது. கறுப்பு உடம்பு, ஒவ்வொரு காலிலும் நெருப்பு நிறத்தில் முழங்கால். பார்த்தவுடன் பிடித்துப்போகும் அழகு. இலையுதிர் முட்காடுகளில் பாறையடியிலும் வேரடியிலும் வளை பறித்து வாழ்வது. பகலில் உள்ளே இருக்கும்; இருட்டியதும் வளைவாயில் வந்து உட்கார்ந்து கிடைத்ததைப் பிடிக்கும். ஒரு பெண்சிலந்திக்கு ஒரே வளை போதும், வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும். பருவமெய்தவே பல ஆண்டுகள் ஆகும். அதன்பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆணின் கதை வேறு. பருவமடைந்ததும் வளையை விட்டு வெளியேறிப் பெண்ணைத் தேடி அலைந்து, ஓரிரு வருஷத்தில் முடிந்துவிடும். அதனால் வாங்குகிறவர் கேட்பது பெண்ணை, பிடிக்கிறவர் தேடுவதும் பெண்ணை.

இப்போது கையேட்டின் குணப்பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். மெதுவாக நகரும் என்கிறது. அப்படியென்றால் பிடிக்க வருகிறவனிடமிருந்து ஓடாது. சாது என்கிறது, குச்சியால் சீண்டினாலோ வளைக்குள் தண்ணீர் ஊற்றினாலோ வெளியே வந்து நிற்கும், கடிக்காது. ஓரிடத்தில் தங்கும், ஒரு வளை தெரிந்தால் சிலந்தி கையில். லேசில் சாகாது; பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்பினாலும் பிழைத்திருக்கும். நீண்டநாள் வாழும், ஒரு பெண்ணை எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வர ஒரு தலைமுறைக் காலம் ஆகும். தொடக்கக்காரருக்கு எதெல்லாம் வசதியோ அதெல்லாம் சூறையாடுகிறவருக்கும் வசதி. இரண்டும் ஒரே பட்டியல்தான். ஒரு பிராணியைச் சாது என்று அழைப்பது எப்போதும் அதைப் பிடிக்க முடிந்தவர்களின் பார்வையிலிருந்து சொல்லப்படுவது. மனிதர் விஷயத்தில் இந்தச் சொல் யாரைக் குறிக்கப் பயன்பட்டது என்று நான் இங்கே விரிக்கப் போவதில்லை.

1985இல் சிவப்பு முழங்கால் சிலந்தி சைட்டிஸ் என்கிற பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வணிகம் ஒழிந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது, அவ்வளவுதான். மெக்சிகோ அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது 1991இல். ஆக, தன் மண்ணின் சிலந்தி பட்டியலில் ஏறியபோது அந்த நாடு அந்த மேசையிலேயே உறுப்பினராக இல்லை. 1994இல் அந்தப் பேரினம் முழுவதையும் பட்டியலிட முடிவெடுத்தார்கள். காரணம் எளிது. பக்கத்து இனத்தின் பெயரைச் சீட்டில் எழுதினால் சுங்கச்சாவடியில் யாரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்?

மெக்சிகோவின் கதவு குறுகியதும் சந்தை என்ன செய்தது? வரிசையில் அடுத்த நாட்டுக்குப் போனது. சிலியின் புதர்க்காடுகளிலிருந்து ரோஜாநிறச் சிலந்திகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து இறங்கின. 90களில் 'முதல் டரன்டுலா' என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. விலை மிகக் குறைவு. ஏன் குறைவு? யாரும் வளர்க்கவில்லை, வெட்டவெளியிலிருந்து அள்ளி வந்தார்கள். வளர்ப்புச் செலவை மண் ஏற்றுக்கொண்டது. வாங்கியவர்களுக்கு ஒரு குழப்பம்: சிலந்தி மாதக்கணக்கில் எதையும் தின்னாமல் கிடந்தது. பூமியின் தென்பாதியிலிருந்து பிடுங்கி வந்த பிராணிக்கு வடக்கின் கோடையும் குளிரும் பிடிபடவில்லை என்று அனுபவசாலிகள் சிலர் விளக்கினார்கள். கையேடுகளோ 'பட்டினி தாங்கும்' என்று அதையும் ஒரு தகுதியாக்கிவிட்டன!

இதற்கிடையே கள்ளவணிகமும் நின்றபாடில்லை. 2010 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் தபாலில் சுமார் 300 உயிருள்ள டரன்டுலாக்கள் அடங்கிய பார்சல் பிடிபட்டது. அதே விசாரணையில் சிக்கிய இன்னொரு பார்சலில் குட்டிச் சிலந்திகளை வண்ண வண்ண உறிஞ்சுகுழல்களுக்குள் அடைத்திருந்தார்கள். அனுப்பிய ஐரோப்பிய வணிகர் அந்த ஆண்டு முடிவதற்குள் கைதானார்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சிவப்பு முழங்கால் சிலந்திக்கு ஸ்மித்தி என்று 1897இல் லண்டனில் பெயர் வைத்தார்கள். கெரேரோ மாநிலத்தில் மாதிரி சேகரித்துக் கொடுத்த ஹெர்பர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கரின் நினைவாக. உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் விற்பனை. 1997இல் ஹமோரி என்று இன்னொரு இனம் விவரிக்கப்பட்டது. பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2017இல் மெக்சிகோவைச் சேர்ந்த ஹோர்ஹே மெந்தோசா, ஆஸ்கர் ஃபிராங்கே இருவரும் மரபணுச் சோதனையோடு விஷயத்தைத் தெளிவாக்கினார்கள். பல்சாஸ் ஆற்றுப் படுகைக்கு ஒருபுறம் ஸ்மித்தி, மறுபுறம் ஹமோரி. கடைகளில் ஸ்மித்தி என்று விற்றதில் பெரும்பகுதி ஹமோரி. எந்த ஊர்க் காட்டிலிருந்து எடுத்தோம் என்பதுகூடத் தெரியாமலே இத்தனை காலம் எடுத்திருக்கிறார்கள். அதே இருவர்தான் சில ஆண்டுகள் கழித்து, சுருள்மயிர்ச் சிலந்தி உள்ளிட்ட சிலவற்றைப் பிரித்து ட்லில்தோகத்ல் என்ற புதுப் பேரினம் அமைத்தார்கள். ஸ்பானியருக்கு முந்திய நாவா மொழியில் 'கருஞ்சிலந்தி' என்று பொருள். லத்தீனையும் கிரேக்கத்தையும் விட்டு, சிலந்தி வாழும் பூமியின் மொழிக்குப் பெயரைக் கொண்டுவந்த இந்தச் செயலைச் சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வளர்ப்பவர்கள் பலருக்கு நாக்கு புரளவில்லை என்ற புகார் வேறு!

சரி, அப்படியானால் வளர்க்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. இன்று வளர்ப்பகங்களிலேயே முட்டைப்பையிலிருந்து பொரித்த குட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு முட்டைப்பையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். காட்டில் அவற்றில் மிகச் சிலவே தேறும், வளர்ப்பில் ஏராளமாகப் பிழைக்கும். ஆகவே முதல் சிலந்தி எந்த இனம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எங்கே பொரித்தது என்ற கேள்வி. நன்கு வளர்ந்த பெரிய பெண்சிலந்தி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். அது வளர ஆன பத்து வருஷத்தின் செலவை விற்பவர் செய்திருக்க மாட்டார். நகத்தளவு குட்டியை வாங்கினால் வளர ஆண்டுகள் ஆகும், பொறுமை வேண்டும், ஆணாகவும் போகலாம். மல்லாந்து படுத்தால் செத்துவிட்டது என்று பதறிக் குப்பையில் போடக்கூடாது, தோலுரிக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இரையைக்கூட உள்ளே விடக்கூடாது. கையில் எடுத்து விளையாடும் ஆசையும் வேண்டாம். இடுப்புயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துப்போகும் பிராணி அது.

கையேட்டில் இன்னொரு பிரிவினை உண்டு. 'புதிய உலகச்' சிலந்திகள் தொடக்கக்காரருக்கு; 'பழைய உலகச்' சிலந்திகள் தேர்ந்தவர்களுக்கு மட்டும். கொலம்பஸ் காலத்து நிலப்படம் இன்னும் கடைத்தட்டில் அப்படியே இருக்கிறது. ஆசியாவின், ஆப்பிரிக்காவின் இனங்களுக்குக் கொக்கி மயிர் கிடையாது. அதற்குப் பதில் வேகமும், கடியும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொயிசிலோதீரியா என்ற மரச்சிலந்திகள் கடித்தால் ஆள் சாவதில்லை. ஆனால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும். ஆகவே அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் அந்த எச்சரிக்கையே அவற்றுக்கு ஒரு மவுசையும் உண்டாக்கியது. முதல் சிலந்தியில் கைபழகியவர் அடுத்து ஏறவேண்டிய படியாக நம் பக்கத்துச் சிலந்திகள் ஆயின. அவற்றின் வணிகப் பெயரே 'அலங்காரச் சிலந்தி'.

1899இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரெஜினால்ட் போகாக் இந்தப் பேரினத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆந்திரத்தின் கூத்தி ஊரில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து ஒரு நீலச் சிலந்தியை விவரித்தார். அதன் உண்மையான காடு அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையில் இருக்கிறது. ரயிலில் வந்த மரக்கட்டையோடு கூத்திக்கு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். காட்டை வெட்டி ஏற்றிய ரயில்தான் சிலந்தியையும் விஞ்ஞானத்திடம் கொண்டுசேர்த்தது. நூறு வருஷம் யாரும் அதைத் திரும்பப் பார்த்ததாகப் பதிவில்லை. 2001இல் மறுபடி கண்டார்கள். 2002இலேயே அமெரிக்காவில் அது வளர்ப்பில் குட்டி பொரித்துவிட்டது. ராமேஸ்வரத்தில் 2004இல் விவரிக்கப்பட்ட இனத்துக்கு அங்குள்ள ஹனுமவிலாசம் கோவிலின் பெயரையே வைத்தார்கள். பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் அது இருப்பது தெரியவந்தது. நமக்குப் பாஸ்போர்ட் வேண்டிய இடத்துக்கு அது என்றைக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் பொயிசிலோதீரியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. முன்மொழிந்த நாடுகள் இலங்கையும் அமெரிக்காவும். இந்தியா தன் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பன்னாட்டுப் பட்டியலுக்கென்று தனி அட்டவணை சேர்த்தது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். கூத்தியின் நீலச் சிலந்தியை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டப்பா டப்பாவாக வளர்ப்பில் பெருக்கி விற்கிறார்கள். வளர்ப்பில் பெருகியதால் விலையும் இறங்கிவிட்டது. நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான, விறகுக்கும் மரத்துக்கும் வெட்டுப்பட்டுவரும் ஒரு காட்டுத் துண்டில் மட்டுமே அதற்கு இருப்பிடம் என்று 2008இல் கணித்து, மிக அருகிவரும் இனங்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறார்கள்.